நீலத்தின் மேல் ஏழு மஞ்சள்

காலை எட்டு மணிக்கு யார்டுக்குள் நுழைந்தேன். முந்தின நாள் நான் பெயிண்ட் அடித்த நீலக் கம்பிக் கட்டு அவிழ்ந்து கிடந்தது. கட்டுக்கம்பியை யாரோ வெட்டியிருந்தார்கள்.

குனிந்து பார்த்தேன். எல்லா முனையும் நீலம். நான் தேடியது ஏழு மஞ்சள் முனைகளை. ஒன்றுகூட இல்லை.

எண்ணினேன். ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்து மூன்று இருந்தது. மறுபடி எண்ணினேன். நாற்பத்து மூன்றுதான்.

டிபன் பையைக் கீழே வைத்தேன்.

யார்டு

யார்டு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலை. பெயர் வேண்டாம். இரும்பைக் காய்ச்சி உருட்டிக் கம்பி ஆக்குவார்கள். ஆறு மீட்டர் நீளம். முனை சோடா பாட்டில் மூடி அகலம் இருக்கும். ஆறியதும் ஐம்பது ஐம்பதாகக் கட்டி வெட்டவெளியில் அடுக்குவார்கள். அந்த இடம்தான் யார்டு.

அங்கே கான்ட்ராக்ட்டில் நாங்கள் ஆறு பெண்கள். கம்பியின் ஒரு முனையில் பெயிண்ட் வைப்பது எங்கள் வேலை. இரும்பைப் பார்த்தால் எது கெட்டி, எது மெது என்று தெரியாது. எல்லாம் ஒரே கருப்பு. கலர்தான் சொல்லும். நீலம் மெது. வேலிக்கும் கொக்கிக்கும் போகும். மஞ்சள் கெட்டி. வண்டிச் சக்கரத்தைத் தாங்கும் அச்சுக்குப் போகும்.

நான் சேர்ந்த அன்று யார்டு இன்சார்ஜ் பாஷா பாய் எங்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

"ம்மா, நீலம் மஞ்சளாச்சுன்னா எங்கியோ ஒரு வண்டி நடுரோட்ல ஒக்காந்துடும். அவ்ளோதான் படிப்பு."

பாஷா பாய் பழவேற்காட்டுக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் மீன், ஐஸ் என்று வியாபாரம். இவர் ஒருவர்தான் இரும்புக்கு வந்தவர். ஏன் என்று கேட்டால், "கம்பி நாறாதும்மா" என்பார்.

என் வீட்டுக்காரர் அப்போது கவரைப்பேட்டை ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டோவுக்கு அடியிலும் ஒரு அச்சு உண்டு.

துடைக்கிற சுவர்

போன மாதம் சென்னையில் ஒரு கண்காட்சியில் நான் வரைந்த படங்களை மாட்டியிருந்தார்கள். ஒரு அம்மா வந்து பார்த்தார். "எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"யார்டுல" என்றேன்.

"ஆர்ட்னா, எந்த காலேஜ்?" என்றார்.

நான் விட்டுவிட்டேன். விளக்கினால் நேரம் ஆகும்.

நான் ஆறாவது வரைக்கும் படித்தேன். பள்ளிக்கூடத்தில் கலர் பென்சில் இருந்தது. பீரோவில் இருந்தது. பீரோ பூட்டியிருந்தது.

அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தார்கள். அந்த நிலத்தைக் கம்பெனி வாங்கியது. நாற்று நட்ட இடத்தில் காம்பவுண்டு சுவர் வந்தது. இதை வருத்தமாக எழுதலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு வருத்தம் இல்லை. நாற்று நட்டுக்கொண்டே இருந்திருந்தால் என் கைக்கு பிரஷ் வந்திருக்காது.

என்னைப் பார்க்க வைத்தது ஒரு சுவர். பெயிண்ட் ரூமுக்குப் பின்பக்கம் இருந்தது. கழுவ டர்பென்டைனில் போடுவதற்கு முன் பிரஷ்ஷை அதில்தான் எல்லோரும் துடைப்பார்கள். நாங்கள் வருவதற்கு முன்னால் வேலை செய்தவர்களும் அதில்தான் துடைத்திருக்கிறார்கள். உயரமானவர்கள் துடைத்தது மேலே. நாங்கள் துடைத்தது கீழே. நடுவில் எல்லாம் சேர்ந்து தடித்துப் போய், சுவர் வயிறு தள்ளியிருந்தது.

ஒரு நாள் அதிலிருந்து ஒரு பொருக்கு விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். உடைந்த ஓரத்தில் கோடு கோடாக இருந்தது. நீலம், மஞ்சள், நீலம், வெள்ளை, சிவப்பு, நீலம். யாரும் யோசித்து வைத்தது இல்லை. வேலை வந்த வரிசையில் விழுந்தது. ஆனாலும் ஒன்று பக்கத்தில் ஒன்று சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு மதியம் அந்தச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

கூட வேலை செய்த குப்பம்மா அக்காவுக்கு அது பொறுக்காது. ஊத்துக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். என்னைவிடப் பத்து வயது பெரியவள். வாய் ஓயாது.

"இன்னாடி ஸ்டெல்லா, செவுத்தப் பாத்துகினே துன்ற? படமா ஓட்றான் அதுல?"

"ஆமாக்கா."

"ஹீரோ யாரு?"

"இன்னும் வரல."

"வந்தா எனக்கும் ஒரு குரல் குடு. எங்க வூட்ல கீறத மாத்திகினு வந்துடறேன்."

பப்பாளி

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலைக்குப் பக்கத்தில் ஒரு ஆபரேட்டர் இருந்தார். தடாப் பக்கத்து ஆள். சூடு காட்ட மீட்டர் இருந்தது. அவர் அதைப் பார்க்க மாட்டார். சின்ன ஓட்டை வழியாக இரும்பைப் பார்ப்பார். "செங்கல்லுல கீது. பப்பாளி வரட்டும்" என்பார். பப்பாளி வந்ததும் உருட்ட விடுவார்.

ஒரு தடவை தண்ணீர் கொண்டுபோனபோது கேட்டேன். "எந்தப் பப்பாளி அண்ணே? தோலா, உள்ளயா?"

திரும்பி என்னைப் பார்த்தார்.

"உள்ள. கத்தி வெச்சா எறங்கணும், அந்தப் பழம்."

கலருக்கு இவ்வளவு துல்லியமாக ஒரு பெயர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அதற்கு முன் எனக்கு மஞ்சள் என்றால் மஞ்சள். அதற்குப் பிறகு எந்த மஞ்சள் என்று கேட்க ஆரம்பித்தேன். யாரிடமும் இல்லை. எனக்குள்.

இவ்வளவுதான் என் படிப்பு. ஒரு சுவர், ஒரு பழம்.

நாலு மணி

இப்போது அந்த ஏழு.

முந்தின நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். அந்த நீலக் கட்டை முடித்துவிட்டு எழுந்தேன். வெயில் சாய்ந்து நேராக முனைகள் மேல் விழுந்தது. ஐம்பது நீல வட்டம். ஈரம் காயவில்லை. ஒவ்வொன்றும் பளபளத்தது.

நன்றாக இருந்தது. ஆனால் என்னவோ மூச்சு அடைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் மஞ்சள் டப்பா திறந்திருந்தது.

ஓரத்தில் ஒன்றின் மேல் மஞ்சள் வைத்தேன். பின்னால் போய் நின்று பார்த்தேன். அது தனியாக நின்றது. தள்ளி இன்னொன்று வைத்தேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் நின்று பார்த்தேன். ஏழாவது வைத்ததும் மூச்சு விட்டது. எட்டாவது வைத்திருந்தால் கெட்டிருக்கும். அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் தெரியாது.

பார்த்துவிட்டு உடனே நீலம் அடித்து மூடிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். சங்கு ஊதிவிட்டது. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அந்த பஸ்ஸை விட்டால் நடைதான். காலையில் முதல் வேலையாக மூடிக்கொள்ளலாம் என்று ஓடினேன்.

பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

மாறுவதும் மாற்றுவதும்

காலையில் கட்டு அவிழ்ந்து கிடந்ததைச் சொன்னேன். லோடு ஏற்றுகிறவர்களில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"நேத்து செகண்ட் ஷிஃப்ட்ல ஏத்துனோம். எவளோ நீலத்துல மஞ்சளச் சொருகி வெச்சிருந்தா. ஏழு கீது. பொறுக்கி மஞ்ச லோடுல போட்டுட்டோம். வண்டி காக்களூர் போய்ட்சு" என்றார்.

எங்கள் தப்பைச் சரி செய்த நினைப்பில் அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

காக்களூரில் ஒரு பட்டறை எங்களிடம் மஞ்சள் கம்பி வாங்கும். வெட்டி, காய்ச்சி, அடித்து அச்சு செய்யும். என் ஏழு மெதுக் கம்பியும் அங்கே கெட்டிக் கம்பியோடு இருந்தது.

குப்பம்மா அக்காவிடம் சொன்னேன். அவள் முதலில் நெஞ்சில் கை வைத்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள்.

"வாயத் தொறக்காத. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்க்கா."

"அப்ப ஒண்ணு பண்ணு. பாய்கிட்ட கலர் மாறிடுச்சுன்னு சொல்லு. மாத்துனேன்னு சொல்லாத. மாறிடுச்சுன்னா மழ பெஞ்சிச்சுங்கற மாதிரி. யார் மேலயும் இல்ல. மாத்துனேன்னு சொன்னியோ, இன்னிக்கே கேட்டுக்கு வெளிய நிப்ப."

கான்ட்ராக்ட் வேலை. நாளைக்கு வராதே என்று சொன்னால் முடிந்தது. வீட்டில் ஆட்டோவின் தவணை ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

பாஷா பாய் கேபினில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன்.

"இன்னாம்மா?"

"நேத்து நீலக் கட்டுல ஏழு கம்பி மஞ்சளா லோடுல போய்ட்டுது பாய். காக்களூருக்கு."

கையில் எடுத்த இட்லியைத் தட்டில் வைத்தார்.

"கலர் மாறிடுச்சா?"

அவரே அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்றால் போதும்.

"மாறல பாய். மாத்துனேன்."

அவர் எதற்கு என்று கேட்கவில்லை. செல்போனை எடுத்துப் போட்டார். அங்கே எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. எழுந்து கை கழுவினார்.

"ஏறு வண்டில."

காக்களூர்

கம்பெனி வேனில் போனோம். குப்பம்மா அக்காவும் ஏறிக்கொண்டாள். நான் வேண்டாம் என்றேன்.

"நீ ஆம்பளைங்களோட தனியா போனா நாளிக்கி யார்டு பூரா அதான் பேச்சு. நானும் வந்தன்னா ரெண்டு பேரப் பத்திப் பேசுவாளுங்க. பாதியாய்டும்."

பெரியபாளையம் வழியாகப் போனது வேன். பாய் ரோட்டில் எதிரே வந்த ஷேர் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் இருந்தார்கள். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பதினோரு மணிக்கு பட்டறை போய்ச் சேர்ந்தோம். உள்ளே சத்தம் இல்லை. மின்வெட்டு அதிகமாக இருந்த வருடங்கள் அவை. ஒன்பது மணிக்குப் போன கரண்ட் பன்னிரண்டுக்குத்தான் வரும். பட்டறை முதலாளி வாசலில் ஸ்டூல் போட்டு விசிறிக்கொண்டிருந்தார். போன் உள்ளே சட்டைப் பையில் கிடந்ததாம்.

பாய் விஷயத்தைச் சொன்னார். முதலாளி சிரித்தார்.

"பாய், மஞ்ச மஞ்சதான? அதுல இன்னா நல்ல மஞ்ச, கெட்ட மஞ்ச?"

நான் கம்பி அடுக்கின் பக்கம் போனேன். முனைகள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. நூறு கம்பிக்கு மேல் இருக்கும். எல்லாம் மஞ்சள்.

ஆனால் என்னுடையது ஈர நீலத்தின் மேல் வைத்த மஞ்சள். கீழே இருந்த நீலம் கொஞ்சம் மேலே வந்திருக்கும். அதில் ஒரு துளி பச்சை இருக்கும். பழுக்காத எலுமிச்சையின் காம்புப் பக்கம் மாதிரி.

"இது" என்றேன்.

பாய் பேனாக் கத்தியால் சுரண்டினார். அடியில் நீலம்.

"இது. இது. அதோ, கீழ."

அவர் சுரண்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றிலும் நீலம். முதலாளி விசிறுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். அவரும் குனிந்து பார்த்தார்.

"எனக்கு எல்லாம் ஒரே மாரிதாம்மா தெரியுது" என்றார்.

ஐந்து கிடைத்தது. இரண்டு இல்லை.

முதலாளி தலையைச் சொறிந்தார். காலை ஆறு மணியிலிருந்து கரண்ட் போகிற வரைக்கும் பத்துக் கம்பி வெட்டியிருந்தார்கள். ஒரு கம்பிக்கு ஒரு அடித் துண்டாகப் பத்தொன்பது. இரண்டு தொட்டியில் நூற்றித் தொண்ணூறு துண்டு கிடந்தது. பெயிண்ட் இருந்த முனைகளைக் கழிவில் போட்டு, கழிவு வண்டி அள்ளிக்கொண்டும் போய்விட்டது. துண்டுகளில் கலர் இல்லை. எல்லாம் ஒரே கருப்பு.

"நூத்தித் தொண்ணூறுல முப்பத்தெட்டு. எப்டிப் பிரிப்ப பாய்? பன்னண்டுக்குக் கரண்ட் வரும். மூணுக்கு மறுபடி போய்டும். எனக்கு டெலிவரி கீது. அடிச்சு அனுப்பிடறேன், வுடு. ஒண்ணும் ஆவாது" என்றார் முதலாளி.

பாயால் வற்புறுத்த முடியாது. வாங்குகிறவர் முதலாளி. விற்கிறவர் பாய். சொல்ல வேண்டியது நான்தான்.

"எந்த வண்டிக்குப் போவுது அண்ணே இது?"

"ஷேர் ஆட்டோவுக்குதாம்மா."

"எங்க ஊட்டுக்காரரு அதான் ஓட்றாரு."

அவர் என்னைப் பார்த்தார். குப்பம்மா அக்கா இடையில் புகுந்தாள்.

"நீ இன்னாத்துல வந்த நைனா வேலைக்கி?"

"பைக்ல."

"அதுக்கு அச்சு கீதா, சும்மா ஒட்டி வுட்டுக்கீறாங்களா?"

முதலாளிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. வாட்சைப் பார்த்தார்.

"ரெண்டு மணி வரிக்கும். அதுக்கு மேல ஹேமர் ஓடும். அப்ப யாரும் என் கையப் புடிக்கக் கூடாது."

பொறி

இரும்பை அரைத்தால் பொறி பறக்கும். கெட்டி இரும்புக்கு ஒரு பொறி, மெது இரும்புக்கு ஒரு பொறி. யார்டில் சந்தேகம் வரும்போது பாய் சக்கரம் சுற்றும் கை கிரைண்டரை வைத்து இதைச் செய்வார். நான் பெயிண்ட் டப்பாவோடு நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு அது வேடிக்கை.

வெளிச்சத்தில் பொறி சரியாகத் தெரியாது. பட்டறையின் மூலையில் ஒரு தார்ப்பாயைக் கட்டி இருட்டாக்கினோம். பட்டறையில் இருந்த கை கிரைண்டரை வாங்கி வைத்தோம். பன்னிரண்டுக்குக் கரண்ட் வந்தது.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார்.

"எனக்கு இப்பல்லாம் பொறி மங்கலாத் தெரியுதும்மா. நான் அரைக்கிறேன். நீ பாரு. நீ சொல்றதுதான்."

முதலில் கிடைத்த ஐந்தில் ஒன்றை அரைத்தார். கோடு நீளமாக ஓடி, சத்தமில்லாமல் அணைந்தது. வால் மட்டும் கொஞ்சம் தடித்தது. அடுத்து நல்ல மஞ்சளில் ஒன்று. கோடு பாதி தூரம் போய் வெடித்தது. வெடித்ததிலிருந்து இன்னும் சின்னதாக வெடித்தது. ஒன்று ஒழுகியது. ஒன்று பூத்தது.

"பாத்துகினியா?"

"பாத்துகினேன் பாய்."

குப்பம்மா அக்கா துண்டு எடுத்துக் கொடுத்தாள். பாய் அரைத்தார். நான் பார்த்தேன். பூத்தால் வலது பக்கம். ஒழுகினால் இடது பக்கம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நான் பேசியது இரண்டே வார்த்தை. பூ. ஒழுகு. பூ. பூ. பூ. ஒழுகு.

ஐம்பது துண்டு ஆனபோது கண்ணில் தண்ணீர் வந்தது. நூறு ஆனபோது கண்ணை மூடினாலும் பொறி தெரிந்தது. சில துண்டுகளில் சந்தேகம் வந்தது. "இன்னொரு தடவ" என்றேன். பாய் முகம் சுளிக்காமல் அரைத்தார். ஒன்றில் மூன்று தடவை கேட்டேன். பூக்கிறதா ஒழுகுகிறதா என்று எனக்குப் புரியவில்லை. கோட்டின் நுனியைப் பார்க்காமல் நடுவைப் பார்த்தேன். அப்போது தெரிந்தது. ஒழுகு.

படம் போடும்போது இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன். நுனி கண்ணை இழுக்கும். உண்மை நடுவில் இருக்கும்.

வெளியே முதலாளி நடந்துகொண்டிருந்தார். அவர் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம். இரண்டு தொட்டியும் காலி. இடது பக்கம் எண்ணினோம். முப்பத்தேழு.

வலது பக்கமும் எண்ணினோம். நூற்றி ஐம்பத்திரண்டு. ஒரு துண்டைக் காணவில்லை.

முதலாளி தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வந்தார். "முப்பத்தேழு வந்துட்சில்ல? ஒண்ணுதான? போதும்மா."

"முப்பத்தெட்டு அண்ணே."

"ஒரே ஒண்ணு."

"ஒரு ஆட்டோ."

அவர் தொட்டிக்கு அடியில் குனிந்து தேடினார். பாய் மெஷினுக்கு அடியில் கை விட்டார். நான் உலைப் பக்கம் ஓடினேன். உலையில் எதுவும் வைக்கவில்லை என்று ஹேமர்காரர் சத்தியம் செய்தார். மணி இரண்டு அடிக்க மூன்று நிமிடம் இருந்தது.

குப்பம்மா அக்கா மட்டும் நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஏய் ஸ்டெல்லா" என்றாள் மெதுவாக. "காத்துல தார்ப்பா பறந்துகினே இருந்துதா. நான்தான் ஒரு துண்ட எடுத்து அது மேல வெச்சன்."

தார்ப்பாயின் ஓரத்தில் பாரமாக இருந்தது அது.

எடுத்ததும் தார்ப்பாய் சரிந்து வெளிச்சம் வந்துவிட்டது. பாய் திரும்பி முதுகால் வெயிலை மறைத்துக்கொண்டார். அவர் நிழலில் கிரைண்டர் சுற்றியது. கோடு நீளமாகப் போனது. வெடிக்கவில்லை.

"ஒழுகு" என்றேன்.

முதலாளிதான் முதலில் சிரித்தார். பிறகு ஹேமர்காரரைப் பார்த்துக் கை காட்டினார். வலது பக்கத்துத் துண்டுகள் உலைக்குப் போயின. அவை பழுத்ததும் ஹேமர் விழுந்தது. தரை அதிர்ந்தது. அப்படியே உட்கார்ந்துகொண்டேன்.

ரிஜிஸ்டர்

ஐந்து கம்பியையும் முப்பத்தெட்டுத் துண்டையும் பட்டறையின் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். கேபினில் பாய் ரிஜிஸ்டரைத் திறந்து எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பினார். எனக்கு அப்போது எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். படித்தேன்.

"கலர் மாறியது. திரும்ப எடுக்கப்பட்டது."

"மாறல பாய்" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம்?"

"மாத்துனதுன்னு எழுதுனா மேல ரெண்டு கேள்வி வரும். யாரு, எதுக்கு. யாருன்னு எழுதிடலாம். எதுக்குன்னு இன்னா எழுதறது?" பேனாவை மூடிவிட்டு, காலையில் கேட்காததை அப்போது கேட்டார். "எதுக்கும்மா மாத்துன?"

"ஏழு வெச்சா நல்லாருந்துது பாய்."

"ஏழா?"

"ஏழு."

"எட்டு வெச்சா?"

"கெட்டுடும்."

அவர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். தேதி, கட்டு எண், எடை, காரணம் என்று கட்டம் போட்டிருந்தது. ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இத எந்தக் கட்டத்துல எழுதறது, சொல்லு" என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.

"நாளைக்கி வேலைக்கி வா. பிரஷ்ஷத் தொடாத. கட்டுக்கு நம்பர் தகரம் கட்டு."

வேலை போகவில்லை. பிரஷ் போனது. அதற்குப் பிறகு அந்த ஆலையில் இருந்த வருடங்களில் நான் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவில்லை. பாய் சொன்னது சரி. அந்த யார்டில் மஞ்சள் என்றால் அது ஒரு சொல். அதை அழகுக்காக மாற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ரிஜிஸ்டரில் மாறியது என்று இருக்கிறது. அந்த ரிஜிஸ்டர் இன்னும் எங்காவது இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்து அதில் வைத்துக்கொள்ளலாம். மாறவில்லை. மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை

அந்த வாரம் முழுவதும் தகரம் கட்டினேன். கை சும்மா இல்லை. ஆனாலும் சும்மா இருந்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வீட்டுக்காரரை ஆட்டோவில் இருக்கச் சொல்லிவிட்டு கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். என் கைக்காசில் நான் பெயிண்ட் வாங்கியது அன்றுதான் முதல் தடவை. எல்லாக் கலரிலும் இருக்கிறதிலேயே சின்ன டப்பா ஒவ்வொன்று கேட்டேன்.

கடைக்காரர் ஏணியில் ஏறியிருந்தார். மேலிருந்தே கேட்டார்.

"கேட்டுக்கா, கிரில்லுக்காம்மா?"

"ரெண்டும் இல்லண்ணே."

"கதவு, ஜன்னலு?"

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

"எதுக்கும் இல்ல" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எடுத்த டப்பாக்களை மறுபடி தட்டில் வைத்தார். பக்கத்துத் தட்டில் தேடினார்.

"இது சீக்கிரம் காயறது. அவசர வேலைக்கி" என்றார். "எதுக்கும் இல்லன்னா மெதுவா காயறதே போதும். அதத் தரேன், இரு."